மூச்சும் மூட்டும்: கிந்தா பள்ளத்தாக்கின் காற்றும் முடக்குவாதச் சிகிச்சையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முடக்குவாதத்துக்குச் சிகிச்சை பெறுபவர் சிறப்பு மருத்துவர் முன் அமர்ந்ததும் கைகளை நீட்டச் சொல்வார்கள். மருத்துவரின் கட்டைவிரல் ஒவ்வொரு மூட்டாக அழுத்திக்கொண்டே போகும். தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, கைவிரல்களின் அடிமூட்டும் நடுமூட்டுமாக இருபது, முழங்கால் இரண்டு; மொத்தம் 28. அழுத்தினால் வலிப்பவை எத்தனை, வீங்கியிருப்பவை எத்தனை என்று தனித்தனியே எண்ணுவார்கள். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஒரு சோதனையும், தன் உடல்நிலைக்கு நோயாளியே 0 முதல் 100 வரை தரும் மதிப்பெண்ணும் அதனோடு சேரும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஒரே எண் வரும். அது 2.6க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது, 5.1ஐத் தாண்டினால் நோய் உக்கிரமாக இருக்கிறது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுவதும் பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

இது பயன் தரும் கணக்குதான். ஆனால் அந்த அறையில் பெரும்பாலும் எழாத கேள்வி ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகளாக நோயாளி எந்தக் காற்றைச் சுவாசித்தார்? குவாரியில் நின்றாரா, ஆலையில் பஞ்சுத் தூசியோடு உட்கார்ந்தாரா, விறகடுப்பின் முன் சமைத்தாரா, கடந்த இரண்டு மாதங்கள் புகைமூட்டத்தில் கழிந்தனவா? இவற்றைக் கேட்க வேண்டும் என்பதற்கு மலேசிய மண்ணிலேயே சான்று கிடைத்திருக்கிறது. அந்தச் சான்று என்ன, அது எவ்வளவு உறுதியானது, பேராக் மாநிலத்தில் அதை வைத்து என்ன செய்யலாம் என்பவையே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

நோய் எது, யாருக்கு வருகிறது

வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. முன்னது மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. பின்னது, ஊரில் சிலர் சரவாங்கி என்று சொல்வது, உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் மூட்டின் உட்சவ்வையே பகையென்று நினைத்துத் தாக்குவதால் வருவது. சவ்வு வீங்கும், வீங்கிய சவ்வு எலும்பை அரிக்கும், கவனிக்காமல் விட்டால் விரல்கள் கோணிவிடும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விரல்கள் மடங்க மறுப்பது இதன் முக்கிய அடையாளம். சேலைக் கொசுவம் பிடிக்க முடியாது, சாவியைத் திருப்ப முடியாது, தேங்காய்ப் பால் பிழிய முடியாது. பத்து மணிக்கு மேல் கை கொஞ்சம் இளகும். அதனால் வீட்டில் மற்றவர்களுக்கு இது சோம்பல் போலத் தெரியும். பெரும்பாலும் வேலை செய்யும் வயதிலேயே வந்துவிடும். உலகெங்கும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

மலேசிய சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 1,084 முடக்குவாத நோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். நாட்டு மக்கள்தொகையில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அது வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பு இல்லை. அரசு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள். மரபணுவுக்கும் இதில் பங்கிருக்கலாம். எனவே காற்றின் மீது மொத்தப் பழியையும் போட்டுவிட இந்த எண் இடம் தராது. ஆனால் தோட்டத்திலிருந்தும் குவாரியிலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்த ஒரு சமூகத்தின் மீது இந்த நோய் இவ்வளவு பாரமாக விழுந்திருக்கும்போது, அவர்கள் சுவாசித்த காற்றைப் பற்றிக் கேட்காமல் இருப்பதற்கும் நியாயமில்லை.

கல்தூசு சொன்ன கதை

தூசிக்கும் மூட்டுக்கும் தொடர்பு உண்டு என்ற சந்தேகம் புதிதன்று. 1953இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அந்தோணி கப்லான் என்ற மருத்துவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மார்பு எக்ஸ்ரே படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடக்குவாதம் உள்ளவர்களின் நுரையீரலில் வட்ட வட்டமான நிழல்கள் தனி வகையாகத் தெரிந்தன. அந்த நிலை இன்றும் அவர் பெயரால் கப்லான் நோய்க்குறித்தொகுப்பு எனப்படுகிறது. தூசியில் பழுதான நுரையீரலும் அழற்சி கண்ட மூட்டும் ஒரே ஆளிடம் கைகோத்து நின்றதை மருத்துவ உலகம் அப்போதுதான் தெளிவாகக் கண்டது.

அடுத்த அரை நூற்றாண்டில் சுவீடன் இதை எண்களால் அளந்தது. கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ‘எய்ரா’ ஆய்வு, புதிதாக நோய் கண்டவர்களையும் நோயில்லாதவர்களையும் அருகருகே வைத்து அவர்களின் தொழிலையும் பழக்கங்களையும் மரபணுவையும் ஒப்பிட்டது. அதே முறையில் மலேசியாவிலும் ஓர் ஆய்வு நடந்தது. அதன் பெயர் ‘மை-எய்ரா’. கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகம் கரோலின்ஸ்காவோடு சேர்ந்து, தீபகற்ப மலேசியாவில் 2005 முதல் 2009 வரை தகவல் திரட்டியது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனத்தாரும் அதில் இருந்தார்கள்.

அதன் முடிவுகளில் மூன்றைப் பேராக் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கல்தூசு. பாறை துளைத்தல், கல் உடைத்தல் போன்ற வேலைகளில் சிலிக்கா தூசியைச் சுவாசித்த ஆண்களுக்கு, முடக்குவாதத்தின் கடுமையான வகை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. தூசியோடு சிகரெட்டும் சேர்ந்தவர்களிடம் அது ஏழு மடங்கை எட்டியது. 2014இல் வெளியான முடிவு இது.

இரண்டாவது, சிகரெட் மட்டும். புகைப்பவர்களுக்கு அதே கடுமையான வகை வரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு.

மூன்றாவது, பஞ்சுத் தூசி. 910 பெண் நோயாளிகளையும் அதே வயதுடைய, நோயில்லாத 910 பெண்களையும் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வு இது. நெசவு, துணி ஆலைகளின் தூசியைச் சுவாசித்த பெண்களுக்கு நோய்வாய்ப்பு 2.8 மடங்கு. மலேசியப் பெண்களில் புகைப்பவர்கள் மிகச் சிலர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நூற்றுக்கு 1.2 பேர். ஆகவே பெண்களுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்று தேடுகிறவர்கள் சிகரெட்டைத் தாண்டிப் பார்த்தாக வேண்டும் என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது.

தூசியோடு, நோய்க்கு இடம்கொடுக்கும் ஒரு மரபணு வகையும் சேர்ந்திருந்த பெண்களிடம் 39 மடங்கு என்றொரு எண்ணும் அதே ஆய்வில் வருகிறது. அதைக் கேட்டுப் பதற வேண்டாம். அந்தப் பிரிவில் இருந்த பெண்கள் மிகக் குறைவு. உண்மையான மதிப்பு 5 மடங்காகவும் இருக்கலாம், 297 மடங்காகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எல்லை குறித்திருக்கிறார்கள். பெருக்கல் எண்கள் எப்போதும் உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றும். முடக்குவாதம் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மடங்கு என்பதன் பொருள் நூற்றில் ஒருவர். தூசியில் நின்ற மற்ற 99 பேருக்கு இந்த நோய் வராது. தூசியைத் தடுப்பதற்கு அந்த ஒருவர் போதாதா என்பதே கேள்வி.

எல்லாத் தூசியும் ஒன்றில்லை

பேராக்கின் ஈப்போவில் இதைச் சொல்லும்போது இன்னொரு தெளிவும் தேவை. நகரைச் சூழ்ந்து நிற்கும் வெள்ளை மலைகள் சுண்ணாம்புக்கல். சிம்பாங் பூலாய் பக்கம் வெட்டிய மலைகளின் முகம் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். வடக்கே கந்தானில் சிமெண்ட் ஆலை. சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் சிலிக்கா குறைவு. கருங்கல்லும் குவார்ட்ஸ் மணலும் அப்படியல்ல. கருங்கல் குவாரி, கல் அரவை, மணல் வீச்சு, பழைய ஈயச் சுரங்க நிலங்களிலிருந்து எடுக்கும் சிலிக்கா மணல், கட்டுமானத் தளத்தில் கான்கிரீட்டை வெட்டும் இயந்திரம் ஆகியவைதான் சிலிக்காவின் இருப்பிடங்கள். ‘தூசியில் வேலை பார்த்தேன்’ என்பது போதாது. எந்தக் கல், எந்த இயந்திரம், தண்ணீர் தெளித்து வெட்டினார்களா, உலர வெட்டினார்களா என்று கேட்டால்தான் விவரம் கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசியே மோசமானது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள், அதாவது தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு, மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

நுரையீரலில் தொடங்கும் மூட்டு நோய்

காற்றறையில் போய் உட்கார்ந்த துகளால் விரல் மூட்டுக்கு என்ன கேடு? இதற்கு ஸ்டாக்ஹோம் மருத்துவர் லார்ஸ் கிளாரெஸ்காகும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். இன்று பெரும்பாலான வல்லுநர்கள் அதையே அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

புகையோ தூசியோ நுரையீரல் செல்களை எரிச்சலூட்டும்போது அங்கே சில நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அவை புரதங்களில் உள்ள அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலினாக மாற்றுகின்றன. மாற்றம் சிறியதுதான். ஆனால் குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களின் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அந்தப் புரதம் இப்போது அந்நியமாகத் தெரிகிறது. அதற்கு எதிராக எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்கிறது. இரத்தப் பரிசோதனையில் ‘ஏ.சி.பி.ஏ.’ என்று வருவது அதுதான். அது இருப்பவர்களிடம் நோய் பொதுவாகக் கடுமையாக இருக்கும். மை-எய்ராவில் கல்தூசோடும் சிகரெட்டோடும் சேர்ந்து நின்றதும் அந்த வகைதான்.

எதிர்ப்பொருள் தோன்றியதும் மூட்டு வீங்கிவிடுவதில்லை. நெதர்லாந்தில் இரத்த தானம் செய்து, பின்னாளில் முடக்குவாதம் கண்ட 79 பேரின் பழைய இரத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேரின் இரத்தத்தில் நோயின் எதிர்ப்பொருள்கள் முன்கூட்டியே இருந்தன. வலி தொடங்குவதற்குச் சராசரியாக நாலரை ஆண்டுகள் முன்பே. 2004இல் வந்த முடிவு இது. குவாரியை விட்டு வந்து ஐந்தாறு ஆண்டு கழித்து விரல் வீங்கும்போது இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாததற்கு இந்த இடைவெளி ஒரு காரணம்.

தோட்டத்துப் புகை

1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதன் பின் வந்த நூறாண்டில் சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை பேராக்கின் தமிழர் வாழ்வைத் தீர்மானித்தது அந்த மரம். விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கு, பிறகு நிரையில் இறங்கி மரம் வெட்டுதல், பால் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோதல். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதில் புகைக்குக் கிடைத்த இடம் மட்டும் கொஞ்சம்.

புகை அங்கே ஒரு தொழிற்கருவி. தண்ணீர் கலந்த பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றித் தட்டுகளில் உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளைகளில் விட்டு வரி விழும் தாளாக இழுப்பார்கள். நீர் சொட்ட விட்ட தாள்களைக் கம்புகளில் தொங்கவிட்டுப் புகைக்கூடத்துக்குள் தள்ளுவார்கள். உள்ளே ரப்பர் விறகு எரியும். சூடு 40 முதல் 60 டிகிரி வரை. நாலைந்து நாள் புகையில் நின்ற தாள் தேன் நிறமாக வெளியே வரும். பூஞ்சை பிடிக்காமல் காத்ததும் அந்தப் புகைதான். கதவைத் திறந்து விறகு போடுவதும் கம்புகளை மாற்றுவதும் மனிதர் கையால் நடந்தன. வேலை முடிந்து லயத்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் அடுப்பில் அதே ரப்பர் விறகு.

புகைக்கூடம்தான் தோட்டத்து மக்களுக்கு முடக்குவாதத்தைத் தந்தது என்று சொல்ல இந்தச் சொற்பொழிவு துணியவில்லை. விறகுப் புகையும் நுண்துகள்தான், அதுவும் நுரையீரலை எரிச்சலூட்டும் என்பது வரை உறுதி. அதற்கு மேல் அது நோயாளியிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய கேள்வி. இன்று அறுபது, எழுபது வயதில் இருப்பவர்களே அந்தப் பதிவைத் தரக்கூடிய கடைசித் தலைமுறை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்கிலும் சிலிபினிலும் குறைந்த விலை வீடுகளிலும் குடியேறின. பெண்கள் பலர் ஆலைகளுக்குப் போனார்கள், ஆண்கள் லாரிக்கும் குவாரிக்கும் கட்டுமானத்துக்கும் போனார்கள். புகை மாறியதே தவிர விடவில்லை.

மருந்தும் காற்றும்

இதுவரை சொன்னது நோய் ஏன் வருகிறது என்பது. வந்துவிட்டவர்களுக்குக் காற்று இன்னும் ஒன்றைச் செய்கிறது. அது மருந்தின் வேலையில் குறுக்கே நிற்கக்கூடும்.

முடக்குவாதச் சிகிச்சையின் அச்சாணி மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் உட்கொள்ளும் மாத்திரை. கூடவே ஃபோலிக் அமிலம். தவறிப்போய்த் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் எந்த நாள் என்று சீட்டில் எழுதித் தருவார்கள். அது போதாதவர்களுக்கு வேறு மாத்திரைகளைச் சேர்ப்பார்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கு உயிரியல் மருந்து எனப்படும் விலையுயர்ந்த ஊசி.

சுவீடனின் எய்ரா நோயாளிகளை 2011இல் பிரித்துப் பார்த்தார்கள். மெத்தோட்ரெக்சேட்டுக்கு நல்ல பலன் கண்டவர்கள் புகைக்காதவர்களில் நூற்றுக்கு 36 பேர். புகைப்பவர்களில் 27 பேர். ஊசி மருந்தில் இடைவெளி இன்னும் பெரிது: 43க்கு 29. மருந்து ஒன்றாக இருந்தும், சிகரெட் பிடித்தவரிடம் அது குறைவாகவே வேலை செய்தது.

சிகரெட் ஒருவர் விரும்பிப் பிடிப்பது. ஊர்க்காற்று அப்படியல்ல. அதை ஆராய்ந்தவர்கள் இத்தாலியின் வெரோனா மருத்துவர்கள். 888 முடக்குவாத நோயாளிகள், 3,396 மருத்துவச் சந்திப்புகள். ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தைய நாட்களின் காற்றுத் தர அளவீடுகளை அருகில் வைத்தார்கள். நோய் மீண்டும் சீறிய சந்திப்புகளுக்கு முந்தைய 60 நாட்களில் நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதிகமாக இருந்தன. காற்று கெடக் கெட, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு ஏறியவர்களும் கூடினார்கள். அதே குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு நேராக மருந்தையே கேள்வி கேட்டது. ஊசி மருந்து பலன் தராமல் வேறு மருந்துக்கு மாற வேண்டிவந்த நோயாளிகளின் முந்தைய இரண்டு மாதங்களை அதே நோயாளிகளின் மற்றக் காலத்தோடு ஒப்பிட்டார்கள். மருந்து தோற்ற காலத்துக்கு முன்னால் காற்றில் மாசு கூடுதலாக இருந்தது. இரண்டும் 2021இல் வந்தவை.

வெரோனா இருப்பது போ சமவெளியில். ஆல்ப்ஸும் அப்பெனைன் மலைகளும் மூன்று பக்கமும் அடைத்துக்கொள்வதால் ஐரோப்பாவில் காற்று மிகவும் தேங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. மேற்கே கிளேடாங் மலைத்தொடருக்கும் கிழக்கே தித்திவாங்சாவுக்கும் நடுவே கிடக்கும் கிந்தா பள்ளத்தாக்கை அறிந்தவர்களுக்கு இந்த நிலவியலை விளக்க வேண்டியதில்லை.

வெரோனா ஆய்வை எதிர்ப்பவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. அங்கே மாசு கூடுவது குளிர்காலத்தில். குளிரில் மூட்டு வலி கூடியதா, மாசால் கூடியதா? இந்தக் கேள்விக்குப் பேராக் மாநிலம் பதில் தர முடியும். இங்கே குளிர்காலமே இல்லை. சுமத்ராவிலும் களிமந்தானிலும் கரிநிலக் காடுகள் எரியும் ஜூன் முதல் அக்டோபர் வரையான மாதங்களில், 1997, 2005, 2015, 2019 போன்ற ஆண்டுகளில், குளிர் துளியும் இல்லாமல் புகை மட்டும் வந்து நிற்கிறது. ஈப்போவில் தாசேக், பெகோ ஆகிய இரண்டு இடங்களிலும், தைப்பிங், ஸ்ரீ மஞ்சோங், தஞ்சோங் மாலிம் ஆகிய ஊர்களிலும் சுற்றுச்சூழல் துறையின் அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. நாட்டின் காற்று மாசுக் குறியீடான ஐ.பி.யு. கணக்கில் 2018 முதல் 2.5 துகளும் சேர்ந்திருக்கிறது. மருத்துவமனைக் கோப்புகளில் 28 மூட்டுகளின் கணக்கும் சி.ஆர்.பி. அளவும் தேதியோடு கிடக்கின்றன. வெரோனாவில் கையில் இருந்தது எதுவோ அது ஈப்போவிலும் இருக்கிறது.

ஊசி போடுமுன் கேட்க வேண்டியது

தொழில் வரலாறு கேட்பதால் உடனடிப் பலன் ஒன்றும் உண்டு. உயிரியல் மருந்துகளில் டி.என்.எஃப். தடுப்பான்கள் என்னும் வகை, உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியது. அதனால் ஊசி தொடங்குமுன் எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் எடுப்பது உலக வழக்கம். சிலிக்கா தூசியும் காசநோய் வாய்ப்பைக் கூட்டுவது. பத்தாண்டு கல் உடைத்த ஒருவருக்கு இரண்டு ஆபத்துகளும் சேர்ந்து வருகின்றன. மருத்துவமனையில் இந்த உரையாடல் நடக்க ஒரு நிமிடம் போதும்.

“ஐயா, இதுக்கு முன்னால என்ன வேலை பார்த்தீங்க?”

“லாரி ஓட்டுனேன் டாக்டர்.”

“அதுக்கும் முன்னால?”

“கோப்பெங் பக்கம் குவாரியில, கல் அரைக்கிற மெஷின்ல. ஒரு பத்து வருஷம் இருக்கும்.”

இரண்டாவது கேள்வி வரவில்லையென்றால் கோப்பில் ‘லாரி ஓட்டுநர்’ என்றுதான் இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்க்கும் கண்ணும் வேறாக இருக்கும்.

அரசு மருத்துவமனையின் சிறப்புப் பிரிவில் குடிமக்கள் கட்டுவது 5 ரிங்கிட். அந்த ஏற்பாட்டால்தான் தோட்டத்துக் குடும்பங்கள் இந்த நோயோடு தாக்குப்பிடிக்கின்றன. விலையுயர்ந்த ஊசிக்குச் செலவாவது பொதுப் பணம். மாசு அந்த மருந்தின் பலனைக் குறைக்குமானால் காற்றைச் சுத்தமாக்குவதும் மருந்துச் செலவைச் சிக்கனப்படுத்தும் வழிதான். மலேசியாவின் காற்றுத் தர வரம்பு 2.5 துகளுக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு 5. வரம்புக்குள் இருக்கிறோம் என்று நிறைவடைய இந்த இடைவெளி மிகப் பெரிது.

வீட்டுக்குள்ளும் கவனிக்க வேண்டியது உண்டு. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவர்த்திச் சுருள்களை 2003இல் சோதித்தபோது, ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவிடும் 2.5 துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று தெரிந்தது. சன்னலை அடைத்துக்கொண்டு இரவெல்லாம் அதன் பக்கத்தில் படுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? கொசுவலை இருக்கும்போது சுருள் தேவையில்லை. சாம்பிராணி போடுவதானால் சன்னலைத் திறந்து போடலாம். உணவகங்களில் 2019 முதல் புகைபிடிக்கத் தடை. புகைப்பொருள்களுக்கான தனிச் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டு வரவேற்பறைக்குள் எந்தச் சட்டமும் வராது. அங்கே மனைவிக்கோ மகளுக்கோ முடக்குவாதம் இருந்தால் சிகரெட்டை வெளியே வைக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

வேண்டுகோள்கள்

முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு முதலில். காற்று கெட்டிருக்கிறது என்பதற்காகவோ நன்றாக இருக்கிறது என்பதற்காகவோ மருந்தை நீங்களே நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். மூட்டைக் காப்பது மருந்துதான். நல்ல காற்று அதற்குத் துணை. ஐ.பி.யு. 100ஐத் தாண்டும் நாட்களில் வெளி வேலையைக் குறையுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் துணி முகமூடி பயன்படாது. என்95 வகை வேண்டும். புகைமூட்டம் வந்த பின் மூட்டு வீக்கம் கூடினால் அடுத்த தவணைவரை பொறுத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விடுவதற்கு அரசு சுகாதார கிளினிக்குகளில் உதவி கிடைக்கிறது.

அடுத்து அவர்களின் பிள்ளைகளுக்கு. அம்மா, அப்பா இதுவரை பார்த்த வேலைகளை ஒரு தாளில் ஆண்டு வாரியாக எழுதுங்கள். எந்தத் தோட்டம், புகைக்கூடத்தில் இருந்தார்களா, களைக்கொல்லி அடித்தார்களா, எந்த ஆலை, எந்தக் குவாரி, வீட்டில் விறகடுப்பு எத்தனை ஆண்டு. அடுத்த தவணையின்போது அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுத்துக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

குவாரி, கட்டுமான முதலாளிகளுக்கு. தண்ணீர் தெளித்து வெட்டுவதும் தூசி உறிஞ்சியைப் பொருத்துவதும் புதிய கண்டுபிடிப்புகள் இல்லை. கனிமத் தூசிக்கென்று மலேசியா 1989லேயே விதிகள் வகுத்துவிட்டது.

கடைசியாக, இந்த மாநிலத்தின் மருத்துவர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும். வெரோனா செய்ததை ஈப்போவில் செய்யப் புதிய கருவி எதுவும் வேண்டாம். காற்று அளவீடு ஒரு துறையிடமும் மூட்டுக் கணக்கு இன்னொரு துறையிடமும் தேதியோடு இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளின் முடக்குவாத நோயாளிகளில் இந்தியர்களின் பங்கு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது இந்த ஆய்வு நடக்க வேண்டிய இடம் இது. அடுத்த புகைமூட்டத்துக்கு முன்பே, இரு துறைகளும் அந்தத் தகவலை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்த அவையின் வேண்டுகோள்.